சைக்கிள் கம்பி நட்சத்திரம்

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் ஊரைவிட்டுக் கலைந்து நாலு நாள் ஆகியிருந்தது. கஸ்தூரி எட்டு மாத வயிற்றோடு வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அழைத்துப்போக அவள் அம்மா பாஞ்சாலை மட்டும் வந்திருந்தாள். அப்பா சகாதேவன் செங்கம் ரோட்டில் தன் வாடகை சைக்கிள் கடையில் உட்கார்ந்து, அவசரமே இல்லாத ஒரு வீலுக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அது 1982. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் ஊர் சுற்ற அவரிடம்தான் சைக்கிள் எடுப்பார்கள். வண்டி தூரத்தில் வரும்போதே செயின் சத்தத்தை வைத்து எது யார் கையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் தன் பெண்ணின் மனதில் என்ன ஓடுகிறது என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியாமல் போயிற்று. வேலூரில் நர்ஸுக்குப் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள், மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் வந்து, காட்பாடி ரயில்வே ஸ்டேஷனில் வேலை செய்யும் இஸ்ரவேல் என்பவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "உன் இஷ்டம்" என்றார். கல்யாணத்துக்குப் போகவில்லை. பாஞ்சாலை மட்டும், கண் பரிசோதனை என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை வேலூர் போய் வந்தாள். அவள் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

கஸ்தூரி உண்டானதும் பாஞ்சாலை பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்: "தலைப்பிரசவம் நம்ம வீட்லதான். இந்த விஷயத்துல நான் யாரையும் கேக்கப் போறதில்ல."

"வரட்டும். நான் என்ன வேணாம்னா சொன்னேன்?" என்றார் சகாதேவன். "ஆனா ஜெபம், பாட்டுன்னு வீட்டுல எதுவும் வேணாம். பக்கத்துல அண்ணன் இருக்காரு. அவரு பொண்ணுக்கு வரன் பாக்குறாங்க."

அண்ணன் அப்பாதுரை ஒரே கூரையின் மறுபாதியில் இருந்தார். நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

வந்த வாரமே கஸ்தூரியின் கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா பிரஷர் ஜாஸ்தியாக இருக்கிறது, உப்பைக் கம்மி பண்ணி, பிரசவம்வரைக்கும் படுக்கையில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்காவது டவுனிலுள்ள சர்ச்சுக்குப் போய் வரலாம் என்று நினைத்திருந்தவளுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. இஸ்ரவேலுக்குப் பண்டிகை நேரத்தில் லீவு கிடைக்காது. உள்ளறையில், பழைய டியூபும் டயரும் போட்டு வைத்திருந்த இடத்தை ஒழித்துக் கட்டில் போட்டிருந்தார்கள். ஒழிக்க முடியாத சாக்கு மூட்டைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். அங்கே படுத்துக்கொண்டு, சுவரில் அடித்திருந்த காலண்டரின் தேதிகளைப் பார்த்தபடி அவள் நாளைக் கழித்தாள். அப்பா அவளிடம் பேச வேண்டியதையெல்லாம் அம்மாவிடம் பேசினார். "மாத்திரை போட்டாளான்னு கேளு." "ஜன்னல சாத்தணுமான்னு கேளு." அவளும் அம்மாவிடமே பதில் சொன்னாள்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி, கடைக்கு ஒரு பழைய வண்டி வந்தது. அதற்குத் தோதான வால்வு வீட்டுச் சாக்கில்தான் கிடக்கும் என்று சகாதேவன் தேடி வந்தார். கஸ்தூரி பின்கட்டுக்குப் போயிருந்தாள். கட்டிலுக்கு அடியில் கைவிட்டு மூட்டையை வேகமாக இழுத்தார். மூட்டையின் மேல் யாரோ வைத்திருந்த பிஸ்கட் டின் ஒன்று கட்டில் சட்டத்தில் இடித்து, உருண்டு, சிமெண்ட் தரையில் மூடி திறந்து விழுந்தது.

பழைய செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடி உருண்டைகள். சிவப்பு, பச்சை, வெள்ளி. முட்டை ஓட்டைவிட மெலிசு. ஒன்பது இருந்தன. விழுந்த வேகத்தில் ஏழு நொறுங்கிப்போயின.

நிமிர்ந்தபோது கஸ்தூரி வாசற்படியில் நின்றிருந்தாள். தரையைப் பார்த்தாள்.

"பரவால்லப்பா" என்றாள். "தெரியாம பட்டுடுச்சு." சொல்லிவிட்டுப் பொறுக்கக் குனிய முயன்றாள்.

"நீ குனியாத" என்று கத்தினார். "கண்ணாடிம்மா. குத்திடும். போய் உக்காரு."

வந்து பதினாலு நாளில் அவர் அவளிடம் நேராகப் பேசியது அதுதான். அவள் கட்டிலில் உட்கார்ந்து, அவர் துடைப்பத்தால் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தில் அள்ளி எழுந்தபோது, "வெளிய கொட்டிடாதீங்கப்பா. ஒரு பேப்பர்ல மடிச்சு வைங்க. என் மாமியார்கிட்ட காட்டணும்" என்றாள்.

வால்வை எடுக்காமலே கடைக்குத் திரும்பினார்.

சாயங்காலம் சோறு போடும்போது பாஞ்சாலை பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "அது என்னான்னு தெரியுமா உங்களுக்கு? அவ மாமியாரோட அம்மா ஒரு மிஷன் பங்களாவுல ஆயாவா இருந்தாங்களாம். அங்க இருந்த வெள்ளக்காரம்மா ஊருக்குத் திரும்பறப்போ குடுத்துட்டுப் போனதாம். நாப்பது அம்பது வருஷமா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எடுத்து மாட்டி, திருப்பி மடிச்சு வச்சிருக்காங்க. இந்த வருஷம் இவகிட்ட குடுத்து அனுப்பியிருக்காங்க. நம்ம பேச்சைக் கேட்டுட்டு இவ மாட்டவே இல்ல. கட்டிலுக்கு அடியிலேயே ஒளிச்சு வச்சிருந்தா."

"மாட்டாத பொருள எதுக்குக் குடுத்து அனுப்பினாங்க?"

"அது அவங்களத்தான் கேக்கணும். இருபத்தஞ்சாந்தேதி வராங்க. நேர்லயே கேளுங்க."

சகாதேவன் பாதிச் சோற்றில் கை கழுவினார்.

மறுநாள் காலையில் தாவீது வாத்தியார் பஞ்சர் ஒட்ட வந்தார். டவுன் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர், சர்ச்சிலும் முக்கியமான ஆள். டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தியபடி சகாதேவன் கேட்டார்: "சார், உங்க பண்டிகைக்கு வீட்டுல என்னென்ன வைப்பீங்க?"

"என்ன திடீர்னு?"

"தெரிஞ்சவங்க ஒருத்தர் கேட்டாங்க."

வாத்தியார் சந்தோஷமாகச் சொன்னார். வாசலில் நட்சத்திரம், அஞ்சு முனை. உள்ளே ஒரு சவுக்குக் கிளை, அதில் பளபளவென்று ஏதாவது தொங்க வேண்டும். வசதி இருந்தால் மாட்டுத்தொழுவம் மாதிரி ஒரு குடில். "மூங்கில் சிம்புல பிரேம் கட்டி கலர் பேப்பர் ஒட்டுவோம். காத்தடிச்சா ஒடிஞ்சுடும். வருஷா வருஷம் இதே பாடுதான்."

"மூங்கில்ல ஏன் கட்றீங்க?" என்றார் சகாதேவன். டியூபிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே கடையில் கழித்துப்போட்ட வீல்களிலிருந்து ஸ்போக்ஸ் கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்தார். துருவைத் தேய்த்து, இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கி, அஞ்சு முனை கட்டினார். முதலில் கட்டியது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நண்டு மாதிரி இருந்தது. பிரித்தார். வீலுக்குக் கோட்டம் எடுப்பதுபோல ஒவ்வொரு கம்பியாகத் தட்டித் தட்டி, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. நடுவில் முன்னும் பின்னும் புடைத்து நிற்க மிதி கட்டையின் இரும்புத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளறை வாசலில் நின்றார்.

"கஸ்தூரி."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"இது சரியா இருக்கா பாரு. எனக்கு அளவு தெரியல."

அவள் அந்தக் கம்பிக் கூட்டை வாங்கி மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்குப்பா. இதுக்குப் பேப்பர் ஒட்டணும்" என்றாள்.

"வாங்கியாந்திருக்கேன். சிவப்பும் மஞ்சளும். அது போதுமா?"

பாஞ்சாலை மைதா காய்ச்சிப் பசை கொண்டு வந்தாள். கஸ்தூரி கட்டிலில் சாய்ந்தபடி தாளை வெட்டினாள். நர்ஸ் கை, கத்திரிக்கோல் பிசகவே இல்லை. அவர் தரையில் உட்கார்ந்து ஒட்டினார்.

"ஏம்பா கல்யாணத்துக்கு வரல?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. மூன்று வருடமாகக் கேட்க வேண்டும் என்று இருந்ததை, கை வேலையாக இருந்ததால் கேட்க முடிந்தது.

அவர் ஒரு முனையை ஒட்டி முடித்தார். "வந்து கண்ணால பாத்துட்டா நீ போனது நெசமாயிடும்னு இருந்துச்சு" என்றார். பிறகு, "வராம இருந்தாலும் அது நெசம்தான். புத்தி லேட்டாத்தான் வருது" என்றார்.

"அவரு ரொம்ப நல்லவருப்பா."

"உங்கம்மா சொல்லியிருக்கா. கண்ணு டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தப்பல்லாம் சொல்லுவா."

கஸ்தூரி சிரித்துவிட்டாள். அடுப்படியிலிருந்து பாஞ்சாலை, "எல்லாம் காதுல விழுது" என்றாள்.

நட்சத்திரத்துக்குள் அவர் இரண்டு பல்பு வைத்தார். ஒன்று வீட்டுக் கரண்டுக்கு. இன்னொன்று சைக்கிள் டைனமோவில் எரியும் சின்ன பல்பு. அந்த வருடம் கரண்டு எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கண்ணாடி உருண்டைகளுக்கு என்ன செய்வது என்பதுதான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு வழியும் கடையிலேயே கிடைத்தது. முப்பது வருடமாகக் கழற்றிப்போட்ட பழைய சைக்கிள் பெல்களின் மேல்மூடிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. உள்ளே ஸ்பிரிங் போனவை, நெம்புகோல் உடைந்தவை. மூடிக்கு மட்டும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. சில பழைய சீமை வண்டிகளுடையவை, கனமான பித்தளை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சாம்பல் வைத்து விரல் வலிக்கத் தேய்த்தார். முகம் பார்க்கலாம் போல் ஆயிற்று. ஒரு தோப்புக்காரரிடம் கேட்டு வாங்கிய சவுக்குக் கிளையை மண் நிரப்பிய எண்ணெய் டின்னில் நட்டு, கஸ்தூரி கட்டிலிலிருந்து பார்க்கிற மாதிரி வைத்தார். பெல் மூடிகளைச் சிவப்பு நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். உடையாமல் தப்பிய இரண்டு கண்ணாடி உருண்டைகளைக் கஸ்தூரி தன் கையாலேயே உச்சிக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

இருபத்திரண்டாம் தேதி நட்சத்திரத்தை வாசல் விட்டத்தில் கட்டினார். ஏணியிலிருந்து இறங்குமுன்பே அப்பாதுரை வெளியே வந்துவிட்டார்.

"என்னாடா இது?"

"நட்சத்திரம்ணா. கஸ்தூரிக்கு."

"உள்ள வைக்கறது உன் இஷ்டம். நான் கேக்கல. வாசல்ல ஏன்டா? தை மாசம் பொண்ணு பாக்க வராங்க. அதுக்கு முன்னாடி யாராவது வந்து தெருவுல விசாரிப்பாங்க. இந்த வீட்டுல மதம் மாறிட்டாங்கன்னு ஒருத்தன் சொன்னா போதும். என் பொண்ணு கதி?"

அண்ணன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சகாதேவனுக்கு அது தெரிந்தது. ஏணியைப் பிடித்தபடியே சொன்னார்: "யாருனா கேட்டா எங்கிட்ட அனுப்புண்ணா. நான் மாறலன்னு சொல்றேன். என் பொண்ணு வேற சாமி கும்புடுறா, அவ எழுந்து நடக்க முடியாம கெடக்கறா, அதுக்காகக் கட்டினேன்னு சொல்றேன். இதக் கேட்டுட்டு வேணாம்னு போறவங்க வீட்டுல உம் பொண்ணு மட்டும் நல்லா இருந்துடுவாளா?"

அப்பாதுரை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சகாதேவன் நட்சத்திரத்தை அண்ணன் வாசலிலிருந்து இரண்டு முழம் தன் பக்கமாகத் தள்ளிக் கட்டினார். அதற்கு மேல் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் இரவு ஏழு மணி இருக்கும். தெருமுனையில் மத்தளமும் கஞ்சிராவும் கேட்டன. சர்ச்சிலிருந்து வீடு வீடாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற கூட்டம். செங்கம் ரோட்டில் ஒரு வீட்டை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில், இந்தத் தெருவில் நட்சத்திரம் எரிவதைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிட்டார்கள். நட்சத்திரம் தொங்கினால் அது தங்கள் ஆட்களின் வீடு என்றுதான் அவர்கள் கணக்கு. சகாதேவன் இதை எதிர்பார்க்கவே இல்லை. இருபது பேர் வாசலில் வந்து நின்றபோது வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். முன்னால் வந்த தாவீது வாத்தியார் அவரைப் பார்த்தார், மேலே தொங்கியதைப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்கன்னு சொன்னது..."

"எம் பொண்ணு சார். உள்ள படுத்திருக்கா. மாசமா இருக்கா. வெளிய வர முடியாது."

வாத்தியார் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "கதவு பக்கமா நின்னு பாடுங்க. உள்ள கேக்கணும்" என்றார்.

பாட ஆரம்பித்தார்கள். தெருவில் அத்தனை வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். இரண்டாவது பாட்டு நடுவில் கரண்டு போயிற்று. தெரு முழுக்க இருட்டு. பாடுகிறவர்கள் தடுமாறினார்கள். சகாதேவன் ஓடிப்போய்ச் சுவரோரம் இருந்த தன் சைக்கிளை இழுத்து வந்து, நட்சத்திரத்துக்குக் கீழே ஸ்டாண்ட் போட்டார். தொங்கிய ஒயரை டைனமோவில் மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி மிதித்தார்.

முதலில் மினுக்கென்றது. அப்புறம் சிவப்பும் மஞ்சளுமாக நட்சத்திரம் முழுசாக எரிந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ கை தட்டினார்கள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அவர் வேகம் குறைந்தால் வெளிச்சம் குறையும், கூடினால் கூடும். அம்பத்தி நாலு வயதில், நகராத வண்டியில், மூச்சிரைக்க இரண்டு பாட்டு முடியும்வரை மிதித்தார். உள்ளே கஸ்தூரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயசைத்துக் கூடவே பாடினாள். பிறகு சத்தமாகவே பாடினாள். பாஞ்சாலை அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

அண்ணன் வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஆனால் பாட்டு முடிந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொம்பு போதாமல் பாஞ்சாலை திண்டாடியபோது, அந்தப் பக்கத்துப் பின்வாசல் வழியாக அண்ணி சந்திரம்மாள் ஒரு குடமும் நாலு டம்ளரும் கொண்டு வந்து சுவரோரம் வைத்துவிட்டுப் போனாள்.

கிறிஸ்துமஸ் அன்று பதினொரு மணி பஸ்ஸில் மாமியார் எஸ்தர் வந்தார். சகாதேவன் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒல்லியான, நிமிர்ந்து நடக்கிற அம்மா. கையில் கேக்கும் அச்சு முறுக்கும் இருந்த பை. வாசலில் நட்சத்திரத்தைப் பார்த்ததும் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று தயங்கி நின்றார். கஸ்தூரி உள்ளேயிருந்து எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவளை முந்திக்கொண்டு சகாதேவன் சொன்னார்:

"சம்பந்தியம்மா, உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நீங்க குடுத்து அனுப்பின கண்ணாடிய நான் ஒடச்சுட்டேன். ரெண்டுதான் மிச்சம். எம் பொண்ணு மேல தப்பு இல்ல."

மடித்து வைத்திருந்த பொட்டலத்தை நீட்டினார். எஸ்தர் பிரித்துப் பார்த்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சில்லுகளை விரலால் தொட்டுக்கொண்டிருந்தவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "எங்கம்மா சாகறதுக்கு முன்னாடி வருஷம்கூட இத அவங்க கையாலதான் மாட்டினாங்க" என்றார். பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வர வெகுநேரம் ஆயிற்று. சகாதேவன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

திரும்பி வந்து உள்ளறையில் சவுக்குக் கிளையைப் பார்த்தார். கிட்டே போய் ஒன்றைத் தொட்டார். அது பக்கத்து மூடியில் பட்டு ணங்கென்றது.

"இது சைக்கிள் பெல்லா?"

"ஆமாங்க. அவருதான் தேச்சாரு" என்றாள் பாஞ்சாலை. "மூணு நாளா விரல்ல தோலே இல்ல."

எஸ்தர் கட்டிலில் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வீங்கிய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சகாதேவனைப் பார்த்துச் சொன்னார்: "நானும் ஒண்ணு சொல்லிடறேங்க. நல்ல மனசோட மட்டும் நான் அத அனுப்பல. பொறக்கப்போற குழந்தை இங்கயே இருந்து, எங்களத் தெரியாமலே போயிடுமோன்னு பயம். எங்க வீட்டுப் பொருள் ஏதாவது ஒண்ணு இங்க இருக்கட்டும்னுதான் குடுத்தேன். நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னும் தெரியும்."

"சொன்னேங்க. வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் சகாதேவன். "எனக்கும் அதே பயம்தாங்க."

எஸ்தர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரிக்கு வயிறு குலுங்கி, "ஐயோ போதும், அத்தை, உதைக்குது" என்றாள்.

மத்தியானம் பாஞ்சாலை கோழிக் குழம்பும், கஸ்தூரிக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாக ரசமும் வைத்தாள். ஒரு தட்டில் கேக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அப்பாதுரை அவளைப் பார்த்து, "முட்டை போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டார். போட்டிருக்கிறது என்றாள். "சனிக்கிழமை. நான் சாப்பிட மாட்டேன். வச்சுட்டுப் போ, நாளைக்குப் பாக்கலாம்" என்றார். மறுநாள் தட்டு காலியாகத் திரும்பி வந்தது.

எஸ்தர் அன்றே திரும்புவதாகச் சொல்லி வந்தவர்தான். கஸ்தூரியின் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டுத் தங்கிவிட்டார். ஜனவரி மூன்றாம் தேதி வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பகல் முழுக்கக் கஷ்டப்பட்டாள். பிரஷர் ஏறி இறங்கியது. சாயங்காலம் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, சகாதேவன் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதார். இஸ்ரவேல் தந்தி கிடைத்து மறுநாள் காலையிலேயே வந்து சேர்ந்தார். மாமனாரும் மருமகனும் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்தார்கள். ரயில் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, கூட்டம் எப்படி என்று பேசிக்கொண்டார்கள். முதல் நாளுக்கு அது போதுமாக இருந்தது.

எட்டாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. வந்த அன்றே, குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதில் பாஞ்சாலைக்கும் எஸ்தருக்கும் தகராறு வந்துவிட்டது. வேலூரில் இப்படி இல்லை என்றார் ஒருவர். இது வேலூர் இல்லை என்றாள் மற்றவள். குழந்தை இருவருக்கும் மேலாகக் கத்தியது. நீங்கள்தான் சொல்லுங்கள் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சகாதேவன் பக்கம் திரும்பினார்கள். அவர் கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.